தறி நிறுத்திக் கழுவிய படம்

புளித்த மோரும் அணைத்த தீக்குச்சியும் ஒன்றாகக் கலந்தாற்போல ஒரு வாடை. பிள்ளைப் பிராயம் என்றதும் மற்றவர்களுக்கு மல்லிகையோ மழை மண்ணோ மூக்கில் வரும் என்கிறார்கள்; எனக்கு வருவது இந்த வாடைதான். எங்கள் அப்பா படம் கழுவுவதற்காக வாங்கி வைத்திருந்த "ஹைப்போ" என்ற மருந்தின் வாடை அது. காகிதத்தில் எழும்பிய படம் மறுபடி கறுத்துப் போகாமல் பிடித்து நிறுத்துகிற மருந்து. அவருடைய சட்டைக் கையில், தலையணை உறையில், போதாததற்கு அவர் கை பட்ட தோசையில்கூட அது அடிப்பதாக அம்மா சத்தியம் செய்வாள். எதையும் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறவள்தான் என்றாலும், அந்த விஷயத்தில் அவள் பொய் சொன்னாள் என்று என்னால் சொல்ல முடியாது.

தொண்ணூறுகளில் நாங்கள் சோமனூரில் இருந்தோம். முன்னால் வீடு, பின்னால் விசைத்தறி ஓடுகிற "குடோன்". எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு அப்படித்தான். இரவும் பகலும் இரண்டு ஷிப்டாகத் தறி அடித்துக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தத்தில் பிறந்து வளர்ந்த எங்களுக்கு மெதுவாகப் பேசவே தெரியாது. ஒருமுறை கோயமுத்தூரில் ஒரு கல்யாணப் பந்தியில் சாம்பார் நன்றாயிருக்கிறது என்று நானும் அம்மாவும் பேசிக்கொண்டதைக் கேட்டு, பக்கத்து இலைக்காரர் சண்டையை விலக்கிவிட எழுந்து வந்துவிட்டார். சத்தம் மட்டுமில்லை, தரையும் ஆடும். டம்ளரில் ஊற்றி வைத்த தண்ணீர் ஓயாமல் சிலிர்த்துக்கொண்டிருக்கும். அப்பாவுக்குப் படம் எடுக்கிற பைத்தியம் பிடிக்கும்வரை நாங்கள் யாரும் அதை ஒரு பொருட்டாக நினைத்ததில்லை.

முதலில் வந்தது ஒரு பழைய கேமரா. சிநேகிதர் ஒருவர் புதுசு வாங்கியதும் பழையதை அப்பா தலையில் கட்டிவிட்டார். அத்தோடு நின்றிருந்தால் வீடு வீடாக இருந்திருக்கும். அது கலர் படங்கள் வந்து, ஸ்டுடியோக்காரர்களெல்லாம் பிலிம் சுருளைக் கலர் லேபில் கொடுத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார ஆரம்பித்த காலம். கோயமுத்தூர் ஆர்.எஸ்.புரத்தில் ஒரு ஸ்டுடியோ தன்னுடைய கறுப்பு வெள்ளைச் சாமான்களை ஒழித்தபோது, அங்கே கிடந்த "என்லார்ஜரை" அப்பா வாங்கிவிட்டார். மேலே பல்பு, நடுவில் நெகடிவ், அதற்குக் கீழே லென்ஸ். தபால்தலை அளவு நெகடிவைப் பெரிதாக்கி, அடியில் வைத்த காகிதத்தில் விழவைக்கும், கொக்கு மாதிரி கழுத்து நீண்ட ஒரு யந்திரம். அதைப் பழைய வேட்டியில் சுற்றி, பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் பிடித்து, மடியில் வைத்துக் கொண்டுவந்து இறக்கினார். அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள். "என்னையக் கட்டிக் கூட்டியாரும்போதுகூட இத்தனை பத்திரமாக் கூட்டியாரலீங்களே" என்றாள்.

அரிசி மூட்டை வைக்கிற சின்ன அறை "இருட்டு ரூம்" ஆயிற்று. அம்மாவின் கல்யாணச் சீரில் வந்த பவானி ஜமக்காளத்தை இரண்டாக மடித்து ஜன்னலுக்கு ஆணியடித்துவிட்டார் அப்பா. வெயில் எத்தனை உக்கிரமாக அடித்தாலும் ஒரு பொட்டு வெளிச்சம் உள்ளே வராது. பவானிக்காரர்கள் நெய்த நெசவு அப்படி. ஆணி போன ஓட்டைகளைப் பார்த்து அம்மா இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. சாமி மாடத்தில் எரிந்த சிவப்பு ஜீரோ வாட்ஸ் பல்பும் அந்த அறைக்கே போனது; படக் காகிதத்தைக் கெடுக்காத வெளிச்சம் சிவப்பு ஒன்றுதானாம். துணி ஊறப்போடும் பிளாஸ்டிக் பேசின்கள் மருந்துத் தட்டுகளாகின. படம் பளபளப்பாகக் காய்வதற்கு ஈரக் காகிதத்தைக் கண்ணாடியில் ஒட்டி வைக்க வேண்டுமாம். வீட்டிலிருந்த ஒரே பெரிய கண்ணாடி பீரோக் கண்ணாடி. காலையில் நான் தலை சீவப் போனால் கண்ணாடி முழுக்க வெள்ளைக் காகிதமாக ஒட்டியிருக்கும். நானும் அம்மாவும் ஒருவர் நெற்றிக்கு ஒருவர் பொட்டு வைத்துக்கொண்டு கிளம்பிய நாட்கள் உண்டு.

எல்லாவற்றையும்விடப் பெரிய சண்டை தண்ணீருக்கு. கழுவின படத்தை நிறையத் தண்ணீரில் அலச வேண்டும். போர்த் தண்ணீர் உப்பு. அதில் அலசினால் காய்ந்த பிறகு படத்தில் இருக்கிற எல்லாருக்கும் தேமல் வந்துவிடும். கடைசி அலசலுக்கு நல்ல தண்ணீர்தான் வேண்டும். எங்கள் ஊரில் நல்ல தண்ணீர் குழாயில் எப்போது வரும் என்பது தண்ணீர் திறந்துவிடுகிறவருக்கே தெரியாது. அம்மா அண்டாவில் பிடித்து மூடி வைத்ததை அப்பா ஒரு குடம் கேட்டால், "குடிக்கறதுக்கா, கூத்தடிக்கறதுக்கா?" என்பாள்.

அந்தக் காலத்தில் "எடிட்டிங்" என்கிற வார்த்தையே எங்களுக்குத் தெரியாது. ஆனால் செய்தது அதுதான். கம்பி நுனியில் வட்டமாக வெட்டிய அட்டையைச் செருகி, காகிதத்தில் வெளிச்சம் விழும்போது ஒரு முகத்துக்கு மட்டும் அதை நிழலாகக் காட்டினால், அந்த முகம் சற்று வெளுப்பாக வரும். இது தெருவில் தெரிந்ததும் போதும் போதுமென்று ஆகிவிட்டது. "ஏனுங்க, எனக்குக் கொஞ்சம் செவப்பா வர்றாப்பல போட்டுக் குடுங்க" என்று ஆளாளுக்குக் கேட்டு வந்தார்கள். கறுப்பு வெள்ளைப் படத்தில் சிவப்பாக வர ஆசைப்பட்டவர்கள் எங்கள் தெருக்காரர்களாகத்தான் இருக்கும். தூசி விழுந்த வெள்ளைப் புள்ளிகளை மெல்லிய பிரஷ்ஷில் மை தொட்டு மூடுவார் அப்பா. அப்படிப் புள்ளியை மூடப்போய் ஒரு புது மாப்பிள்ளைக்கு மரு வைத்துவிட்டார். பெண் வீட்டார் அதை அதிர்ஷ்ட மரு என்று சொல்லி வாங்கிப் போனார்கள்.

இதெல்லாம் சின்னப் படங்கள். பெரிதாக்க ஆரம்பித்ததும்தான் வந்தது வினை. தறி ஆட்டத்தில் தரை ஆட, தரையோடு மேசை ஆட, மேசையோடு என்லார்ஜரின் நீண்ட கழுத்து ஆட, காகிதத்தில் விழுந்த முகங்களெல்லாம் குளிர் ஜுரம் வந்தவை போல நடுங்கின. தறி நிற்கிற நேரம் பார்த்துச் செய்யலாம் என்றால், தறி நிற்பது கரண்ட் போகும்போது. கரண்ட் போனால் என்லார்ஜரில் பல்பு எரியாது. கரண்ட் இருந்தால் தறி நிற்காது. தீபாவளி, பொங்கலுக்கு நிற்கும். மற்றபடி தெருவில் சாவு விழுந்தால் எல்லாக் குடோனிலும் தறியை நிறுத்திவிடுவார்கள், எடுக்கிறவரைக்கும் ஒருவரும் ஓட்ட மாட்டார்கள். அது எங்கள் தெருவின் வழக்கம். படம் பெரிதாக்க வேண்டும் என்பதற்காக யாரையாவது சாகச் சொல்ல முடியுமா? அப்பா தீபாவளி, பொங்கலை நம்பியே தொழில் நடத்தினார்.

அப்போதுதான் அம்மாவின் அப்பா வந்து சேர்ந்தார், ஒரு பழைய படத்துக்குள்ளே.

அவர் கோயமுத்தூரில் ஒரு பஞ்சு மில்லில் வேலை பார்த்தவர். அம்மா வயிற்றில் இருக்கும்போதே காய்ச்சலில் போய்விட்டார். அம்மாவைப் பெற்றவளும் அதன்பின் அதிக வருஷம் இருக்கவில்லை. தன் பெரியப்பா வீட்டில்தான் அம்மா வளர்ந்தாள். தகப்பனுக்கு ஒரு படம் கிடையாது. கண்ணாடி முன் நின்றால் சில நேரம் தன் மூக்கைத் தொட்டுக்கொண்டு, "என்ர மூக்கு எங்கப்பன் மூக்குன்னு பெரியம்மா சொல்லும். பாக்காத மூக்கை நான் எப்புடி நம்பறது?" என்று சிரிப்பாள். சிரித்துக்கொண்டுதான் சொல்வாள் என்பதால் நாங்களும் சிரித்திருக்கிறோம்.

பெரியப்பா வீட்டை இடித்துக் கட்டும்போது பரணில் அந்தப் படம் கிடைத்ததென்று அவருடைய மகன், எங்கள் மாமா, கொண்டுவந்தார். மில்லின் முன்னால் தொழிலாளிகள் மூன்று வரிசையாக நிற்கும் கூட்டப் படம். மேல் வரிசையில் தூணோரம் நிற்கிறவர்தான் என்று பெரியம்மா சொல்லி அனுப்பியிருந்தார். தூணோரம் ஒருவர் நின்றார். முகம் மிளகளவு. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் புள்ளி புள்ளியாகச் சிதறியது. அம்மா படத்தை வாங்கிப் பார்த்தாள், ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தாள், திரும்பி வந்து அப்பாவிடம், "ஏனுங்க, நீங்க பெருசு பண்ணித் தருவீங்களாங்க?" என்று கேட்டாள். அந்த இருட்டு ரூமைப் பற்றி அவள் மரியாதையாகப் பேசியது அன்றுதான். அப்பா தலையை ஆட்டினார்.

வாசலில் நல்ல வெயிலில் படத்தை வைத்துக் கேமராவில் பிரதி எடுத்தார். வெயிலில் கேமரா கண் சிமிட்டுகிற நேரம் குறைவு, தறி ஆட்டம் அதில் விழாது. நெகடிவ் பழுதில்லாமல் வந்தது. ஆனால் அந்த மிளகளவு முகத்தை உள்ளங்கை அளவுக்குக் கொண்டுவர என்லார்ஜரின் தலையை உச்சிக்கு ஏற்ற வேண்டும். வெளிச்சமும் வெகுநேரம் விழ வேண்டும். விழுந்ததெல்லாம் புகைமூட்டம். முகமும் தெரியவில்லை, சட்டையும் தெரியவில்லை, தூணும் ஆடியது. மேசைக்குக் கீழே சைக்கிள் டியூபை வைத்துப் பார்த்தார், மணல் மூட்டை வைத்துப் பார்த்தார், என்னுடைய பஞ்சு மெத்தையைக்கூட உருவிக்கொண்டு போனார். எங்கள் தறிகளை நிறுத்தியும் பார்த்தார்; இரண்டு பக்கத்துக் குடோன்களும் எதிர்க் குடோனும் ஆட்டிக்கொண்டுதானே இருந்தன. "தீபாவளிக்குப் போட்டுக்கலாம் அம்மணி. தெரு நின்னுபோச்சுன்னா ஜம்முனு வந்துரும்" என்றார் அப்பா. செல்லம் கொஞ்சும்போதும் சமாதானம் பேசும்போதும் அம்மாவை அவர் அம்மணி என்றுதான் கூப்பிடுவார்.

தீபாவளிக்கு இன்னும் மாதக்கணக்கில் கிடந்தது. பிறந்தது முதல் முப்பது சொச்சம் வருஷம் பொறுத்திருந்தவளுக்கு அந்தச் சில மாதம் பொறுக்க முடியவில்லை. சமையலுக்கு நடுவே போய், கெட்டுப்போன படங்களில் ஒன்றை எடுத்து, மேலே தூசி படிந்திருப்பது போல முந்தானையால் துடைத்துத் துடைத்துப் பார்ப்பாள். ஒருநாள் நான் எங்கள் தறிக்கு நூல் சுற்ற வருகிற ராசாத்தி அக்காவிடம் போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். ராசாத்தி அக்காவிடம் சொல்வது என்றால் ஊருக்கு மைக் கட்டிச் சொல்வது மாதிரி. அது தெரிந்துதான் சொன்னேன் என்று இப்போது தோன்றுகிறது.

மறுநாள் மத்தியானம் எங்கள் வாசலில் எதிர்க் குடோன் பழனிச்சாமி வந்து நின்றார். சாக்கடை மூடி யார் பக்கம் வருவது என்கிற தகராறில் அவரும் அப்பாவும் பேசி ரொம்ப நாளாகியிருந்தது. உள்ளே வரவில்லை. அப்பாவைப் பார்க்காமல் எங்கள் வீட்டு முருங்கை மரத்தைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"எப்ப நிறுத்தோணும்னு சொல்லிப்போடுங்க. தெருவுல எல்லாத்துகிட்டயும் பேசியாச்சு."

"ஐயோ, அதெல்லாம் எதுக்குங்க? ஓட்டறவங்களுக்கு நெய்யற மீட்டர் கணக்குல கூலியாச்சுங்களே" என்றார் அப்பா.

"அவிங்கதான் மொதல்ல சொன்னாங்க." பழனிச்சாமி இப்போது அம்மாவின் பக்கம் திரும்பினார். "சாவுன்னா நிறுத்தறமல்லங்க? உங்கப்பாரு செத்தப்ப இந்தத் தெரு நிறுத்தலீங்க. இப்ப நிறுத்திக்கறோம்னு வெச்சுக்குங்க."

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அப்பா வாசலுக்கு இறங்கினார். "டீ நேரத்துக்கு வெச்சுக்கலாமுங்க. உள்ள வாங்க, டீ குடிச்சுட்டுப் போலாம்" என்றார். "வாரேன் வாரேன், படம் வரட்டும்" என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

டீ நேரத்துக்கு முன்பே அப்பா மருந்தெல்லாம் கலக்கித் தயாராக இருந்தார். அம்மா கேட்காமலே ஒரு குடம் நல்ல தண்ணீரைக் கொண்டுவந்து இருட்டு ரூமில் வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே என் பக்கத்தில் நின்றாள். அவள் அந்த அறைக்குள் நின்று நான் பார்த்ததில்லை. முதலில் எங்கள் தறி நின்றது. பிறகு எதிரில், பிறகு பக்கத்தில், பிறகு தெருக்கோடி வரை ஒன்றன்பின் ஒன்றாக அடங்கிக்கொண்டே போயிற்று. கடைசித் தறியும் நின்றபோது எனக்குக் காது அடைத்துவிட்டதோ என்று பயமாக இருந்தது. கரண்ட் இருக்கிறது, சிவப்பு பல்பு எரிகிறது, சத்தம் மட்டும் இல்லை. எங்கேயோ ஒரு குழந்தை அழுதது. மெயின் ரோட்டில் பஸ் ஹாரன் கேட்டது. பக்கத்தில் நின்ற அம்மா மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. அத்தனை வருஷம் அவள் பக்கத்தில் படுத்தும் அதை நான் கவனித்துக் கேட்டதில்லை.

அப்பா வெளிச்சத்தைப் போட்டு மெதுவாக எண்ணி அணைத்தார். காகிதத்தை மருந்தில் அமிழ்த்தினார். மூன்று தலைகளும் பேசினுக்கு மேல் கவிழ்ந்தன. முதலில் சட்டைக் காலர் வந்தது. பிறகு பொத்தான், பை, தூணின் விளிம்பு, ஒரு காது. முகமும் வந்தது. வந்த முகம் கலங்கியிருந்தது. மூக்கு இரண்டாகத் தெரிந்தது, கண்கள் ஒரு பக்கமாக இழுபட்டிருந்தன.

"போச்சு. மறுக்காவும் ஆடிப்போச்சு" என்றார் அப்பா. ஒரு தெருவே தன் கூலியை விட்டுவிட்டு வெளியே நிற்கிறது. பேசினை ஆட்டிக்கொண்டே குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"இரு, இரு. பொத்தான் தெளிவா இருக்குதே. பாரு, பொத்தான்ல நூல்கூடத் தெரியுது. காலரும் வெட்டி வெச்சாப்பல இருக்குது. இது தறி ஆட்டமில்லை அம்மணி. அவரே அசைஞ்சிருக்காரு. அந்தக் காலத்துக் கேமராவுக்கு ரொம்ப நேரம் அசங்காம நிக்கோணும். படம் புடிக்கறப்ப யாரோ கூப்புட்டிருப்பாங்க, திரும்பிப்போட்டாரு."

அம்மா பேசினை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அப்பாதான் தாங்கமாட்டாமல் பேசிக்கொண்டே போனார்: "கவலைப்படாத. காஞ்சதும் பென்சில்ல கண்ணை வரைஞ்சு, மூக்கை ஒண்ணாக்கி, நல்லாப் பண்ணித் தாரேன்."

"வேண்டாங்க" என்றாள் அம்மா. மருந்துக்குள் வெறும் விரலை விட்டு அந்தக் கன்னத்தைத் தொட்டாள். "நீங்க வரைஞ்சா அது நீங்க வரைஞ்ச கண்ணு. பாருங்க, பல்லுத் தெரியுது. சிரிச்சிருக்காருங்க. இத்தனை வருசமா எங்கப்பன்னா எனக்கு ஒரு சாவுச் சேதி, அவ்வளவுதான். உசுரோட இருந்த மனுசன்னு இப்பத்தானுங்க தெரியுது." அதற்குமேல் அவளால் முடியவில்லை. அழுதாள், சிரித்தாள், இரண்டும் சேர்ந்து விக்கல் வந்துவிட்டது.

இந்த அமளியில் வெளியே இருப்பவர்களுக்குச் சொல்ல மறந்தே போனோம். ஹைப்போவில் போட்டு, நல்ல தண்ணீரில் அலசிக் கதவைத் திறந்தால், தெரு இன்னும் நின்றுகொண்டிருக்கிறது. படம் ஆகிவிட்டதா இல்லையா என்று தெரியாமல் ஒருவரும் தறியைப் போடவில்லை. தலையிலும் மீசையிலும் பஞ்சுத் துகளோடு ஆண்களும் பெண்களுமாக எங்கள் வாசலில் கூடியிருந்தார்கள். அம்மா சொட்டச் சொட்ட அந்தப் படத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வெளியே வந்து, ஒவ்வொருவரிடமாகக் கொண்டுபோய்க் காட்டினாள். அவர்களுக்கு யாரென்றே தெரியாத மனிதர். "ஏனுங்க, கொணம் தங்கமா இருந்திருக்கும் போலிருக்குதுங்க" என்றாள் ராசாத்தி அக்கா. கலங்கின முகத்தில் குணம் எப்படித் தெரிந்ததோ! பழனிச்சாமி கண்ணாடியை ஏற்றி விட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "மூக்கெல்லாம் எனக்குத் தெரியலீங்க. ஆனா ஓரெடத்துல நிக்க மாட்டேங்கறாரு பாருங்க, அது நீங்களேதானுங்க" என்றார். வாசலே சிரித்தது. யாரோ போய் ஒரு தறியைப் போட்டார்கள். பிறகு எல்லாம் ஓட ஆரம்பித்தன. அன்று பழனிச்சாமி எங்கள் வீட்டுக்குள் வந்து டீ குடித்துவிட்டுத்தான் போனார். சாக்கடை மூடி கடைசிவரை அவர் பக்கமே இருந்தது. அப்பா அதைப் பற்றிப் பிறகு வாயே திறக்கவில்லை.

இன்று அப்பா இல்லை. அந்தக் காகிதமும் மருந்தும் எந்தக் கடையில் கிடைக்கும் என்று எனக்குத் தெரியாது. என்லார்ஜரை வீடு மாற்றும்போது எங்கோ விட்டுவிட்டோம். அந்தத் தெருவில் பல குடோன்கள் வாடகைக்குப் போய்விட்டன, சிலவற்றில் வேறு வேலை நடக்கிறது. அன்று வாசலில் நின்ற முகங்களில் பாதி இப்போது இல்லை. என் வாழ்க்கையில் எத்தனையோ பேர் எனக்கு நல்லது செய்திருக்கிறார்கள். ஆனால் தனக்கு ஒரு பிரயோசனமும் இல்லாத ஒரு முகத்துக்காகக் கை வேலையை நிறுத்திவிட்டு நின்ற அந்த மனிதர்களை நினைக்கும்போதுதான் என் கண் நிறைகிறது.

அம்மா என்னோடு கோயமுத்தூரில் இருக்கிறாள். படம் அவள் கட்டிலுக்கு எதிரே மாட்டியிருக்கிறது. போன மாதம் என் மகள் அதைத் தன் போனில் எடுத்து, ஏதோ ஒன்றைத் தட்டினாள். கலங்கல் போய், கண்ணும் மூக்கும் வரைந்து வைத்தாற்போலத் தெளிவாக ஒரு முகம் வந்தது. அழகான முகம். பாட்டிக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று ஓடிப்போய்க் காட்டினாள். அம்மா போனை வாங்கி, கண்ணுக்குக் கிட்டே வைத்து, ரொம்ப நேரம் மரியாதையாகப் பார்த்தாள்.

"நல்லா லட்சணமா இருக்காரு. யாரு கண்ணு இவரு?" என்றாள்.